கடைசி ஓவர் யாருக்கு?

2025 மே 30 அன்று முல்லான்பூரில் நடந்த ஐபிஎல் எலிமினேட்டர் ஆட்டத்தைப் பற்றி எங்கள் நெய்க்காரப்பட்டி டீக்கடையில் பேச்செடுத்தால் இன்றைக்கும் அடங்க அரை மணி நேரம் ஆகும். மும்பையும் குஜராத்தும் மோதிய ஆட்டம். மும்பை 228 ரன். குஜராத் விடாமல் துரத்தி வந்தது. நம்ம சாய் சுதர்சன் 49 பந்தில் 80, நம்ம வாஷிங்டன் சுந்தர் 24 பந்தில் 48. இரண்டு தமிழ்ப் பையன்களும் சேர்ந்து ஆடிய நேரத்தில் மும்பைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் பும்ரா ஒரு யார்க்கர் போட்டு வாஷிங்டனைக் கீழே சாய்த்தே போல்டாக்கினார். அதைப் பற்றி யாருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. பும்ரா போட்டால் போட்டதுதான். சண்டை வந்தது சாய் சுதர்சன் விக்கெட்டில். அவரைப் போல்டாக்கியவர் ரிச்சர்ட் கிளீசன். இங்கிலாந்துக்காரர், அப்போது வயது 37. அந்த சீசனின் லீக் சுற்றில் மும்பைக்காக ஒரு பந்து கூடப் போடாதவர். பிளேஆஃப் தொடங்கும்போது வந்து இறங்கினவர்.

"பதினாலு மேட்ச் வேற ஆளுக ஆடி மேல கொண்டாந்து விட்டாங்க. கடைசில புதுசா ஒருத்தன் வந்து விக்கெட் எடுக்கறான். இதென்னங்ணா நியாயம்?" என்று கேட்டான் குஜராத் கட்சித் தம்பி. சாய் சுதர்சனுக்காகவே கட்சி மாறினவன் அவன்.

கரும்பு ஆலை வைத்திருக்கும் அண்ணன் மும்பை கட்சி. "ஏன் தம்பி, கரும்பு வெட்டறவன் வேற, ஆட்டறவன் வேற. கொப்பரைல பாகு கொதிக்கறப்போ பதம் பாக்கத் தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட இல்லைன்னா வெளியூர்ல இருந்து கூட்டியாரமாட்டமா? பதம் தப்புனா மொத்தச் சரக்கும் போச்சல்ல?"

வெல்லம் காய்ச்சுகிற ஊரில் இந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் சொல்வது லேசில்லை. தம்பி கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தான். நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால்தான் இந்தப் பதிவு.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதிப் பேர் "மும்பை காசை அள்ளி வீசி ஏமாற்றிவிட்டது" என்கிறார்கள். அது தவறு. மும்பை எந்த விதியையும் மீறவில்லை.

காயம்பட்டவருக்கு மாற்று ஆள் எடுக்க ஐபிஎல்லில் ஒரு காலக்கெடு உண்டு. முன்பெல்லாம் அணியின் 7-வது ஆட்டம் வரைதான் எடுக்கலாம். 2025-ல் அதை 12-வது லீக் ஆட்டம் வரை நீட்டினார்கள். அதற்குள் மே 9 அன்று எல்லைப் பதற்றத்தால் தொடரே நின்றுபோனது. மே 17-ல் மறுபடி தொடங்கியபோது பல வெளிநாட்டு வீரர்களால் கடைசிவரை இருக்க முடியவில்லை. அவரவர் நாட்டு ஆட்டங்கள் காத்திருந்தன. அதனால் மீதித் தொடருக்கு மட்டும் தற்காலிக மாற்று வீரர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று வாரியம் அனுமதி தந்தது. அப்படி வருபவரை அடுத்த ஆண்டு அணியில் தக்கவைத்துக்கொள்ள முடியாது என்பது நிபந்தனை.

மும்பையிலிருந்து வில் ஜாக்ஸ், ரயன் ரிக்கல்டன், கார்பின் பாஷ் மூன்று பேரும் கிளம்ப வேண்டியிருந்தது. அவர்கள் இடத்துக்கு ஜானி பேர்ஸ்டோ 5.25 கோடிக்கும், கிளீசன் 1 கோடிக்கும், இலங்கையின் சரித் அசலங்கா 75 லட்சத்துக்கும் வந்தார்கள். மூன்று பேருமே பிளேஆஃபிலிருந்துதான் ஆட முடியும் என்பது ஏற்பாடு. பேர்ஸ்டோ வந்த முதல் ஆட்டத்திலேயே 22 பந்தில் 47 அடித்தார். கிளீசன் சாய் சுதர்சனை எடுத்தார். மும்பை 20 ரன்னில் வென்றது. வந்த முதல் ராத்திரியிலேயே இரண்டு பேரும் ஆட்டத்தின் போக்கை மாற்றினார்கள்.

விதி கேட்டபடி எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த விதி சரியான விதியா என்பது தனிக் கேள்வி. நம் ஆள் தப்புச் செய்யவில்லை என்று நிரூபித்துவிட்டாலே விவாதம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

இதே கேள்வியை எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் கமிட்டிகள் எப்போதோ கேட்டு, விடையும் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. பழனி சுற்றுவட்டாரத்தில் பொங்கல் கழிந்த கையோடு நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். முதல் பரிசு இன்னார் நினைவாக, இரண்டாம் பரிசு இன்னார் அன்பளிப்பு என்று வரிசையாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் விதிமுறைகள் இருக்கும். ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும், ஆதார் அட்டை அசல் கொண்டுவர வேண்டும், கமிட்டியின் முடிவே இறுதியானது. சில இடங்களில் கெஸ்ட் பிளேயர் இரண்டு பேர் வரை அனுமதி. ஆனால் பெயர் எல்லாம் முதல் நாளே நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

அந்த நோட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். ஊர் பேர், அணி பேர் வேண்டாம். ஓர் அரையிறுதி. கடைசி ஓவர், எதிரணிக்கு 11 ரன் தேவை. பந்து போட வேண்டிய அணியின் கேப்டன், அதுவரை பவுண்டரி கோட்டில் நின்றிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டான். நல்ல உயரம், கால் நகத்தைக் குறிவைத்து வீசுகிற கை. வேறு மாவட்டத்திலிருந்து அன்று காலைதான் பைக்கில் வந்திருந்தான். பேட்டிங் அணி கேப்டன் மட்டையைப் பிட்சிலேயே போட்டுவிட்டு நேராக மைக் செட் மேசைக்குப் போய் நோட்டைக் கேட்டான். பச்சை அட்டை நோட்டு, மஞ்சள் பூத்த பக்கம், பதினைந்து பேர். இந்தப் பையன் பெயர் அதில் இல்லை.

இருபது நிமிடம் சத்தம். கடைசியில் கமிட்டிப் பெரியவர் மைக்கை வாங்கிச் சொன்னார்: "பேரு நோட்டுல இருந்தா போடட்டும். இல்லைன்னா உள்ளயே வர வேண்டாம். அவ்வளவுதான்." பீல்டிங் நின்றதே தப்பு என்று அந்தப் பையனை வெளியே அனுப்பினார்கள். அவன் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பாவம், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தான். முதல் சுற்றிலிருந்து ஆடிவந்த உள்ளூர்ப் பையன் அந்த ஓவரைப் போட்டான். நான்காவது பந்திலேயே ஆட்டம் முடிந்துபோனது, அவன் அணி தோற்றது.

தோற்றவர்கள் அன்றைக்குக் கோபமாகத்தான் போனார்கள். ஆனால் அடுத்த வருடம் அதே அணி முதல் நாளே நான்கு ரிசர்வ் பெயர்களைச் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு ஆடியது. அந்த உயரப் பையன் பெயரும் அதில் இருந்தது. முதல் சுற்றிலிருந்தே வந்து ஆடினான். இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரிந்து எந்தப் பெரிய லீக்கிலும் இல்லை.

கடைசி ஓவர் என்ன பாடுபடுத்தும் என்பது தமிழ்நாடு பிரீமியர் லீக்கை, அதாவது டிஎன்பிஎல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2023 ஜூன் 13-ல் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுக்கு எதிராக சேலம் கேப்டன் அபிஷேக் தன்வர் 20-வது ஓவரின் கடைசிப் பந்தைப் போட்டு முடிப்பதற்குள் 18 ரன் போய்விட்டது. மூன்று நோபால், ஒரு வைடு, இரண்டு சிக்ஸர். அனுபவசாலியான வேகப்பந்து வீச்சாளர், அணியின் கேப்டன், அவருக்கே அந்த நிலை. அதனால்தான் எந்த அணியும் இதற்கென்றே ஓர் ஆளைத் தேடி அலைகிறது. பும்ரா, மலிங்கா, பிராவோ மாதிரி ஆள் கிடைக்கும்வரை தூக்கம் வராது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆலை அண்ணன் சொல்வதிலும் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

நான் மஞ்சள் கட்சி. அதனால் சென்னையின் கணக்கையும் இங்கே வைத்துவிடுவதுதான் நேர்மை. 2010-ல் டக் பொலிஞ்சர் தொடர் பாதி ஓடிய பிறகு வந்து சேர்ந்தார். அரையிறுதியில் டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராக 13 ரன்னுக்கு 4 விக்கெட். சென்னை எடுத்திருந்ததோ 142 தான். அவர் இல்லாவிட்டால் அந்த முதல் கோப்பை வந்திருக்குமா என்பதே சந்தேகம். நடுவில் வந்தவர்தான், ஆனால் அணி புள்ளிப் பட்டியலில் தத்தளித்த நாளில் வந்தார், லீக் ஆட்டங்களில் ஆடினார், அணியை மேலே கொண்டுவந்தார். அவர் அரையிறுதியில் பந்து போட்டதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

உறுத்தல் இருப்பது 2023 மே 23-ல். சேப்பாக்கம், குஜராத்துடன் முதல் குவாலிஃபையர். சென்னையின் வேகப்பந்து வீச்சாளர் பதிரனா மைதானத்தை விட்டுச் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பியிருந்தார். எட்டு நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால், வெளியே இருந்த அதே அளவு நேரம் உள்ளே நின்ற பிறகுதான் பந்து போடலாம் என்பது விதி. 16-வது ஓவருக்கு அவர் பந்தை வாங்கியபோது அந்த நேரம் இன்னும் முடியவில்லை. நடுவர்கள் தடுத்தார்கள். தோனி போய்ப் பேசினார், மற்றவர்களும் சூழ்ந்து நின்றார்கள், பேசிப் பேசியே மீதி நிமிடங்கள் கரைந்தன. அப்புறம் பதிரனா பந்து போட்டார். சென்னை 15 ரன்னில் வென்றது. எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தோம். தல மூளையே மூளை என்றார்கள் எல்லாரும். எனக்கு அது பிடிக்கவில்லை. தகுதி நேரம் முடியாத பந்துவீச்சாளரிடம் பந்து போகக் கூடாது, வேறு ஆளைப் போடச் சொல்லி நடுவர் ஆட்டத்தை உடனே நடத்தியிருக்க வேண்டும். மும்பைக்கு ஒரு நியாயம், சென்னைக்கு ஒரு நியாயம் என்று பேச என்னால் முடியாது.

கடைசியில் யார் வந்து பந்து போடலாம் என்ற இந்தச் சண்டை பேஸ்பாலில் நம்மைவிடப் பழசு. அங்கே ஆட்டத்தைத் தொடங்கிப் போடுகிறவர் ஒருவர். அவர் களைத்ததும் வந்து போடுகிறவர் ரிலீவர். கடைசி இன்னிங்ஸைக் கட்டிமுடிக்க வருகிறவர் க்ளோசர். நம் டெத் ஓவர் போலர் மாதிரிதான், ஆனால் நமக்கு இல்லாத ஒரு கடுமை அதில் உண்டு. ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவர் திரும்பி வரவே முடியாது. பும்ராவுக்கு முதலில் இரண்டு ஓவர், கடைசியில் இரண்டு ஓவர் என்று பிரித்துக் கொடுக்கிற வசதி அங்கே கிடையாது. அதனால் யார் யார் கையிருப்பில் இருக்கிறார்கள் என்பதே பாதி ஆட்டம்.

அங்கே சாம்பியன் சுற்றுக்கு ஒரு தேதிக் கோடு போட்டிருக்கிறார்கள், ஆகஸ்ட் 31. அன்றைக்குள் அந்த அணியின் நிறுவனத்தில் இருந்தவர்தான் இறுதிச் சுற்றுகளில் ஆடலாம். பெரிய அணியில் ஆடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதன் கீழ்மட்ட அணி ஏதாவது ஒன்றில் பந்து போட்டுக்கொண்டிருந்தால் போதும். காயம்பட்டவரின் இடத்துக்கு அவரை விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாம்.

2002-ல் அனஹைம் ஏஞ்சல்ஸ் இதைத்தான் செய்தது. பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ், வெனிசுவேலாப் பையன், வயது 20. பெரிய அணிக்காக முதல்முறை ஆடியதே செப்டம்பர் 18-ல். தகுதிக் கோடு தாண்டி இரண்டரை வாரம் ஆகியிருந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் பையன், கீழ்மட்ட அணிகளில் போட்டுக்கொண்டிருந்தவர். காயம்பட்டவரின் இடத்தில் அவரைச் சேர்த்தார்கள். வழக்கமான சீசனில் ஒரு வெற்றிகூடக் கணக்கில் இல்லாத அந்தப் பையன் இறுதிச் சுற்றுகளில் மட்டும் 5 வெற்றிகளைத் தன் பெயரில் எழுதினான். ஏஞ்சல்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை வென்றது. விதியின் சந்தில் நுழைந்தார்கள் என்று அப்போதும் முணுமுணுத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் அவர்கள் வளர்த்த பிள்ளை. செப்டம்பரில் வேறு யாரிடமிருந்தோ காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள் இல்லை.

நான் நிற்கும் இடம் இதுதான். கடைசி நேரத்தில் ஆள் தேவைப்படலாம். காயம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் அந்த ஆள் ஏற்கெனவே கூட இருந்தவராக இருக்க வேண்டும். வலைப்பயிற்சியில் பந்து போட்டவரோ, தண்ணீர் பாட்டில் தூக்கியவரோ, பெஞ்சில் உட்கார்ந்தவரோ, யாராக இருந்தாலும் சரி.

இதற்குச் சாட்சி சொல்ல நம் ஆள் ஒருவர் இருக்கிறார். நடராஜன், சேலம் சின்னப்பம்பட்டிக்காரர். டென்னிஸ் பந்தில் கை பழகி, 2016-ல் முதல் டிஎன்பிஎல்லில் நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டை போட்டு யார்க்கராகப் போட்டுப் பெயர் வாங்கியவர். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு இந்திய அணியுடன் வெறும் வலைப்பந்து வீச்சாளராகத்தான் கிளம்பினார். வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம், டி20 அணியில் இடம் வந்தது. டிசம்பர் 2-ல் ஒருநாள் போட்டி, டிசம்பர் 4-ல் டி20. அதோடு ஊர் திரும்பவில்லை. டெஸ்ட் தொடர் முழுக்க வலையில் பந்து போட்டுக்கொண்டே இருந்தார். பும்ரா, அஸ்வின், ஜடேஜா என்று ஒவ்வொருவராக விழுந்தபோது, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அவருக்கு அடுத்த தொப்பி வாஷிங்டன் சுந்தருக்கு. டி20 முடிந்தும் வலையில் பந்துபோட நிறுத்திவைக்கப்பட்டிருந்தவர் அவர்.

முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் மும்மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 அடித்தார், ஷர்துல் தாக்கூருடன் 123 ரன் சேர்த்தார். ஜனவரி 19-ல் இந்தியா 328 ரன்னைத் துரத்தி வென்றது. அங்கேயும் மாற்று ஆட்கள்தான், ஆனால் ஒருவர்கூட அன்று காலை விமானத்தில் வந்து இறங்கியவர் இல்லை. இரண்டு மாதமாகக் கூடவே இருந்து, கூடவே தனிமைப்படுத்தலில் அடைந்து கிடந்தவர்கள்.

முல்லான்பூருக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஆட்டத்தின் கடைசி ஓவரை யாரும் கவனிக்கவில்லை. குஜராத்துக்கு 24 ரன் தேவை. பந்து கிளீசனிடம். மூன்று பந்து போட்டதும் காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஓவர் பாதியில் நின்றால் வேறொருவர் முடித்துவைக்கலாம், முந்தைய ஓவரைப் போட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வந்து மீதி மூன்று பந்தைப் போட்டவர் அஸ்வனி குமார். 30 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்த பையன். மார்ச் 31-ல் கொல்கத்தாவுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே 24 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்து, ஐபிஎல் அறிமுகத்தில் 4 விக்கெட் எடுத்த முதல் இந்தியர் ஆனவன். மொஹாலி பக்கத்து ஜஞ்சேரிக்காரன், முல்லான்பூர் அவனுக்குச் சொந்த மண் மாதிரி. சீசன் முழுக்கக் கூட இருந்தவன்தான் கடைசியில் கதவைச் சாத்தினான்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 1-ல் பஞ்சாபுக்கு எதிராக 19-வது ஓவர் அதே அஸ்வனி கையில். ஷ்ரேயஸ் ஐயர் நான்கு சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்தார், மும்பை வெளியேறியது. "பாத்தியா, கூட இருந்தவன் கையில குடுத்த லட்சணத்த?" என்று ஆலை அண்ணன் மறுநாள் கேட்டார். கேட்கட்டும். அன்றைக்கு பும்ரா ஓவரிலேயே ஜோஷ் இங்லிஸ் 20 ரன் எடுத்தார். கூட இருந்தவன் ஜெயித்துக் கொடுப்பான் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஓவரைப் போட்டுத் தோற்கிற உரிமைகூட, அணியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்குத்தான் உண்டு என்கிறேன்.

அந்த ஆண்டு கோப்பையை எடுத்த பெங்களூருவிலும் ஒரு வேகப்பந்து வீச்சாளர் திரும்பி வந்தார். ஜோஷ் ஹேசல்வுட். தோள் வலியோடு நடுவில் ஊருக்குப் போனவர், பிளேஆஃபுக்குத் திரும்பி முதல் குவாலிஃபையரில் 21 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். ஜூன் 3 இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரும் அவருடையதுதான். அதைப் பற்றி எங்கள் டீக்கடையில் ஒருவர்கூட முனகவில்லை. ஏலத்தில் எடுத்த அவர்களின் ஆள், காயம் ஆறி வந்தார். இந்த வித்தியாசம் எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரிந்தே இருக்கிறது, தன் கட்சி என்று வரும்போதுதான் மறந்துபோகிறது.

ஐபிஎல் வாரியத்துக்கு என் குரல் எட்டாது. எங்கள் பக்கத்துக் கமிட்டிகளுக்கு எட்டும். பழனி, பாப்பம்பட்டி, நெய்க்காரப்பட்டி சுற்றுவட்டாரத்தில் இந்த வருடம் டோர்னமெண்ட் நடத்தப் போகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் அடிக்கும்போது இந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் சேருங்கள். ரிசர்வ் நான்கு பேர் உட்பட எல்லாப் பெயரும் முதல் ஆட்டத்துக்கு முன் நோட்டில் ஏற வேண்டும். கால் இறுதிக்கு முன் ஓர் ஆட்டமாவது ஆடாதவருக்கு அரையிறுதியிலும் இறுதியிலும் இடமில்லை, காயம் என்றால் அந்த நான்கு ரிசர்வ் பேரிலிருந்துதான் மாற்று. சில அணிகள் கோபித்துக்கொண்டு என்ட்ரி பீஸைத் திருப்பிக் கேட்கும். கொடுத்துவிடுங்கள்.